நான் கொடுத்த கையுறை

கண்ணு,

நீ எழுதித் தரச் சொன்ன விளக்கக் கடிதத்தை நான் எழுதவில்லை. நீ விட்டுப்போன வெள்ளைத்தாளும், அதோடு பென்சிலில் நீ கிறுக்கிவைத்த குறிப்பும் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசை மேலேயே கிடக்கின்றன. "டிரில்லிங் மெஷினில் கையுறை அணிந்து வேலை செய்தது ஆறுமுகத்தின் சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதி, கவனக்குறைவுக்கு அடிக்கோடும் போட்டிருக்கிறாய். "நீயே நல்லாக் கோத்து எழுதிக் குடும்மா, திங்கக்கெழம இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும்" என்று வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாய். முப்பத்துமூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். வயிற்றுவலி என்று பொய் சொன்ன பிள்ளைகளை ஆயிரம் பேர் பார்த்திருப்பேன். ஆனால் ஒரு பொய்யை நல்ல தமிழில் எழுதித் தா என்று என்னிடமே கேட்டது நீ ஒருவன்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். ஒட்டிக் கொடுத்தால் நீ மட்டும் படித்துவிட்டு மடித்து மேசை டிராயரில் வைத்துவிடுவாய். பட்டறையில் டீ குடிக்கிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறதல்லவா, அதில் குத்தி வை. அங்கே வேலை செய்கிற எல்லாரும் படிக்கட்டும். இதில் உன்னைப் பற்றி இருப்பதைவிட என்னைப் பற்றி இருப்பதுதான் மோசம். அதனால் உனக்கு ஒன்றும் தலைகுனிவு இல்லை. இருந்தால் இரண்டு பேருக்கும் இருக்கட்டும்.

என்னிலிருந்தே தொடங்குகிறேன். போன ஆயுத பூஜையன்று பட்டறைக்கு வந்தேன். மெஷின்களைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஷெட் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தீர்கள். பொரிகடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஆறுமுகத்தின் கைகளை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். இருபது வருடமாக இரும்புத் தகட்டில் துளை போடுகிற கைகள். துளையிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்பி வரும் இரும்பு கிழித்த கோடுகள், உள்ளங்கை முழுக்க, ரேகைக்கு மேல் ரேகையாக. எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே போத்தனூரில் ஒரு கடையில் எட்டு ஜோடி பருத்திக் கையுறை வாங்கினேன். உள்ளங்கைப் பக்கம் ரப்பர் புள்ளி வைத்தது. பார்க்கவே அழகாக இருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி என் கையாலேயே கொடுத்தேன். ஆறுமுகம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, "டீச்சரம்மா, நமக்கெதுக்குங்க இதெல்லாம்? ஊட்டுல வெச்சுக்கறனுங்க" என்றார். "ஊட்டுல வெக்கறதுக்கா வாங்குனேன்? போட்டு வேலை செய்யுங்க" என்றேன். "செரிங்க" என்று சிரித்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன். நம் ஊரில் ஒருவர் வேண்டாம் என்பதை எவ்வளவு பணிவாகச் சொல்வார் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் கொடுக்கிற இடத்தில் இருந்தேன். அந்த இடத்தில் நிற்பவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

கார்த்திகையில் அந்தப் புதன்கிழமை உனக்கு அரிசிம்பருப்பு சாதம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒருவர் கையிலும் நான் கொடுத்த கையுறை இல்லை. எனக்குள் இருக்கிற வாத்தியாரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க ஆறுமுகம், நான் குடுத்தது புடிக்கலீங்களா, சைஸ் பத்தலீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். விளையாட்டாகத்தான். அந்தப் பக்கம் லேத்தில் நின்றவர், "டீச்சரம்மா அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்கடோய், எல்லாரும் நேரா நில்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறுமுகம் மெஷினை நிறுத்திவிட்டுப் போய், சாப்பாட்டுப் பையில் கவர் பிரிக்காமல் வைத்திருந்த ஜோடியை எடுத்துப் பிரித்து மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி எனக்குக் காட்டினார். வீட்டுப்பாட நோட்டில் 'நன்று' போட்டது போல நான் தலையாட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உன் அறையில் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தேன். மெஷின் சத்தம் திடீரென்று கம்மிப்போய் முனகியது. ஆறுமுகம் அலறவில்லை, கண்ணு. "ஏனுங்க... ஏனுங்க... கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்றார். கை மெஷினுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதும் அந்த மனிதர் மரியாதை குறையாமல்தான் கூப்பிட்டார். இப்போதும் பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ அந்த 'ஏனுங்க' என் காதில் விழுகிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஒரு பென்சிலை உருட்டச் சொல்லி, அதன் மேல் ஒரு நூலின் நுனியை மட்டும் லேசாக வைப்பேன். நுனி ஒட்டினால் போதும், மீதி நூலைப் பென்சிலே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். "பாத்தீங்களா, சுத்தற சாமானுக்கு ஒரு இழை குடுத்தாப் போதும், மிச்சத்தை அதுவே எடுத்துக்கும்" என்பேன். இந்தப் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! டிரில் பிட்டும் அந்தப் பென்சில்தான். உருட்டுவது மட்டும் மோட்டார். வெறும் விரல் பட்டால் தோல் கிழியும், ரத்தம் வரும், ஆள் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிடுவார். துணி பட்டால் துணி விடாது. விரலை, கையை, ஆளையே உள்ளே கூட்டிக்கொண்டு போகும். வகுப்பில் தெரிந்தது கடையில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கையைக் காப்பாற்றுவதற்கு ஒன்று வாங்குகிறேன் என்ற சந்தோஷத்தில் யோசனையே ஓடவில்லை. இது என் பங்கு. இதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இனி உன் பங்கு. அந்த மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே இருந்தது? அதன் முன்னால் பம்ப் மோட்டாருக்கான அடித்தகடுகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தாய். காலையில் லாரி வந்தபோது ஆறுமுகமே கேட்டாராம், "ஏனுங்க தம்பி, இதை அந்தப் பக்கம் போட்டுக்கலாங்களா?" என்று. "நாளைக்கு எடுத்துரலாம், விடுங்க" என்றாயாம். அதனால்தான் நீ பொத்தானை விட்டுவிட்டு வாசல் பக்கத்து மெயின் ஸ்விட்சுக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த இருபது அடி ஓடுகிற நேரத்தில் என்ன போயிற்று என்று உனக்கே தெரியும். தகட்டை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் எங்கே? அவசர வேலை என்று வேறு மேசைக்குக் கழற்றிப்போய் இரண்டு வாரம். அவர் தகட்டை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு துளை போட்டார். வைஸ் இருந்திருந்தால் அந்தக் கைக்கு அங்கே வேலையே இல்லை. கையுறையை நான் கொடுத்தேன், கையை அங்கே வைக்கச் செய்தது நீ. இதில் ஆறுமுகத்தின் கவனம் எந்த இடத்தில் குறைந்தது என்று எனக்கு விளக்கு.

"இருபது வருஷ ஆளுக்கு டிரில்லிங் மெஷின்ல கிளவுஸ் போடக்கூடாதுன்னு தெரியாதாம்மா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டாய். கேள்வி சரிதான். பதிலை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்தேன். நீ இன்னும் போகவில்லை. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவிரலும் மோதிர விரலும் இல்லாததால் கட்டு நடுவில் பள்ளமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க டீச்சரம்மா. எம்பட தப்புங்க" என்று பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். அப்போது அவர் மனைவி சரோஜா காப்பி டம்ளரை என் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"எம்பட தப்பு, எம்பட தப்புன்னு பத்து நாளா இதே பாட்டுங்க. நீங்க குடுத்த அன்னைக்கே இவரு எங்கிட்ட வந்து சொன்னாருங்க. 'டீச்சரம்மா ஆசையா வாங்கிக் குடுத்துருச்சு புள்ள, இதைப் போட்டுட்டு டிரில்லு போட்டா கை உள்ளார போயிரும், எப்படிச் சொல்றதுன்னே தெரியல'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. சொல்லிப்போடுங்கன்னு நாஞ் சொன்னனுங்க. 'தோட்டத்து ஊட்டம்மா, மனசு சங்கடப்படும்'ன்னாரு. இப்ப யாருக்குங்க சங்கடம்?"

"சரோஜா, கம்முனு இரு."

"கம்முனு இருந்துதானுங்க ரெண்டு வெரலு போச்சு."

நான் காப்பியைக் குடிக்கவில்லை. தோட்டத்து ஊட்டம்மா என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உன் பட்டறை நிற்கிற இடம் உன் தாத்தாவின் தோட்டம். அங்கே ஆறுமுகத்தின் அப்பா கூலிக்கு வேலை செய்தார். தோட்டம் போய் ஷெட் வந்தது, மாடு போய் மெஷின் வந்தது, ஆறுமுகம் ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டராக வந்தார். உன்னைவிட, என்னைவிட அந்த மெஷினைத் தெரிந்தவர் அவர். ஆனாலும் நம் வீட்டு ஆள் தப்பாக ஒன்றைச் சொன்னால் மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. தெரியாமல் அவர் அந்தக் கையுறையைப் போடவில்லை, கண்ணு. தெரிந்தே போட்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதற்காக. இதற்கு நீ வைக்கிற பெயர் கவனக்குறைவு! நாளைக்கு நீ அந்தத் தாளை நீட்டினால், மிச்சமிருக்கிற வலது கையால் கையெழுத்தும் போட்டுவிட்டு, "ரொம்ப நன்றிங்க தம்பி" என்றும் சொல்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கை ஆறி அவர் திரும்பி வரும்போது, இருபது வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் வேலை பார்த்த ஆள், கவனமில்லாதவர் என்று காகிதத்தில் எழுதப்பட்ட ஆளாக அந்த ஷெட்டுக்குள் நுழைய வேண்டுமா?

கவனக்குறைவு என்ற சொல் எனக்குப் புதிதில்லை. உனக்கு ஆறு வயது இருக்கும்போது உன் அப்பாவின் மொபெட்டில் சூலூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் சக்கரத்தில் என் முந்தானை மாட்டியது. கீழே விழுந்து தோள் எலும்பு முறிந்தது. ஒரு மாதம் படுக்கை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரே கேள்வியையும் கொண்டுவந்தார்கள். "ஏனுங்க டீச்சர், ஊருக்கெல்லாம் பாடம் சொல்றீங்க, சேலையப் பாத்து உக்காரக்கூடாதுங்களா?" உன் அப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டு, "அவ எப்பவும் அப்படித்தானுங்க, நெனப்பு பூரா பள்ளிக்கூடத்துல" என்பார். நானும் ஆமாம், என் கவனம்தான் சரியில்லை என்று நம்பத் தொடங்கிவிட்டேன். ஒருநாள் கட்டிலுக்குக் கீழே பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்த நீ, தலையை வெளியே நீட்டி, "அப்பாதான் சக்கரத்துக் கம்பியக் கழட்டிப்போட்டாரு, பருத்திக்கொட்ட மூட்ட கட்டறதுக்கு" என்றாய். சேலை மாட்டாமல் இருப்பதற்காகவே சக்கரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிற கம்பி. மூட்டை வைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிப் போட்டவர் மாட்டவே இல்லை. வந்திருந்தவர் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு "செரிங்க, வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார். சாயங்காலம் வாசலில் ஸ்பானர் சத்தம் கேட்டது. உன் அப்பா என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கு அது வராது. ஆனால் அதற்குப் பிறகு கடைசி வரைக்கும், நான் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து அந்தக் கம்பியை ஒருதடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறச் சொல்வார்.

அந்தக் கம்பியைப் போல உன் பட்டறையில் எத்தனை கழன்று கிடக்கின்றன என்று போன வாரம் நான் சுற்றிப் பார்த்தேன். நீ போனில் இருந்தாய். கை கிரைண்டரின் வட்ட மூடி ஆணியில் தொங்குகிறது. மூலையில் வைத்து அறுக்க இடைஞ்சலாம். அறுக்கிற வட்டு உடைந்து தெறித்தால் அது முகத்துக்கு நேராக வரும், மூடி இருந்தால் மூடியில் மோதும், அவ்வளவுதான் கணக்கு. மூடியோடு அறுக்க முடியாத மூலைக்கு வேறு கருவி தேடு, மூடியைக் கழற்றாதே. வட்டு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கச் சொன்னால், ஸ்விட்ச் ஆஃப்தானே என்கிறார்கள். நீயே அப்படித்தான் செய்கிறாய், பார்த்தேன். பார்க்கிற எல்லாரும் அதையேதான் செய்வார்கள். பாதுகாப்புக் கண்ணாடிகள் பூஜைப் படத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து தொங்குகின்றன, சாமிக்கு மாட்டியது போல. இரும்புச் சுருளைக் கையால் தள்ளுகிறார்கள். மெஷினை நிறுத்திவிட்டுத் தள்ள ஒரு பிரஷ் வாங்கி வைக்க உனக்கு இத்தனை வருடம் போதவில்லை. நான் கொடுத்த கையுறைகளை எல்லாம் திரும்ப வாங்கி, தகடு தூக்குகிற இடத்தில் ஒரு பெட்டியில் போடு. தூக்குவதற்கு மட்டும் அவை. சுற்றுகிற எதன் பக்கத்திலும் அவை வரக்கூடாது. உன் வலது மணிக்கட்டில் கயிறு இருக்கிறது. சென்னிமலையில் சாமி கும்பிட்டு நானே கட்டிவிட்டது. அதையும் அறுத்துவிடு. உன்னைக் காப்பாற்றட்டும் என்றுதான் கட்டினேன், கையுறையையும் அப்படி நினைத்துத்தான் கொடுத்தேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொண்டால் என்னிடம் வரச் சொல்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். மொத்த வகுப்பும் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று கத்தும். பரீட்சையில் பார்த்தால் பாதிப் பேருக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, எனக்கு என்ன பதில் பிடிக்குமோ அதைச் சொன்னார்கள். நான்கைந்து வருடம் அவர்களைத் திட்டிய பிறகுதான் கேள்வி தப்பு என்று எனக்கு உறைத்தது. அதிலிருந்து "இதுல எது புரியல, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டேன். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் நின்றேன். பிறகு ஒரு பெண் எழுந்து சொன்னாள், அப்புறம் நிற்கவே இல்லை. நீ காலையில் ஷெட்டுக்குள் நுழையும்போதே "எல்லாம் செரிங்களா?" என்கிறாய். "செரிங்க" என்கிறார்கள். வேறு என்ன சொல்வார்கள்? நாளையிலிருந்து, "எந்த மெஷின்ல கை வெக்கப் பயமா இருக்குது? நான் சொன்னதுல எது தப்பு?" என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில். போனை எடுக்காதே. முதலில் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் சொன்னதை அன்றைக்கே, அவர் கண்ணெதிரிலேயே சரி செய். நம் ஊர்ப் பணிவு எனக்கு ரொம்பப் பிடித்தது, அதில்தான் உன்னையும் வளர்த்தேன். ஆனால் ஒரு மனிதர் தன் கையைக் காப்பாற்றிக்கொள்ள நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்றால், அந்தப் பணிவை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிற நமக்குத்தான் வெட்கம் வேண்டும்.

நீ கேட்ட விளக்கத்தை இதன் அடியில் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். சின்னதுதான். "டிரில்லிங் மெஷினில் அணியக்கூடாத கையுறையை வாங்கிக் கொடுத்ததும், எல்லார் முன்னாலும் கேட்டு அணிய வைத்ததும் நான். வைஸைக் கழற்றியதும், நிறுத்தும் பொத்தானை மறைத்துத் தகடு அடுக்க விட்டதும் பட்டறை உரிமையாளர். ஆறுமுகம் எங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தார். அவர் செய்தது அது மட்டுமே." கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு ஆறுமுகம் வீட்டுக்குப் போ. சரோஜா காப்பி கொடுத்தால் குடி. அந்தத் தாளை அவர்கள் இரண்டு பேருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடு.

கட்டிலுக்குக் கீழே இருந்து தலையை நீட்டியபோது உன்னை யாரும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். இப்போது நான் கேட்கிறேன்.

அம்மா